கோஷா ஆஸ்பத்திரியும் இருளர் குடிசையும்

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312ஆம் பாடலை நம் மாணவர் அனைவரும் அறிவர். தாய்க்கு ஒரு கடமை, தந்தைக்கு ஒரு கடமை, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, காளைப் பருவத்து மகனுக்கு ஒன்று என்று ஒரு சமுதாயத்தின் பொறுப்புகளை ஆறே அடிகளில் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது அப்பாட்டு. ஆண்டுதோறும் வகுப்பில் அதனை நடத்தும்போது எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பெற்று வளர்த்தல் தாயின் கடமை, சரி. பெறுகின்ற அந்த நேரத்தில் அவள் உயிரைக் காப்பது யாருடைய கடமை? வேல் வடிக்கக் கொல்லன் இருக்கிறான். தொப்புள்கொடி அறுத்தவள் பாட்டில் இல்லை. மறக்குடியின் பாட்டில் மருத்துவச்சியைத் தேடுவது முறையன்று எனச் சான்றோர் கூறலாம். நானும் புலவரைக் குறை சொல்ல வரவில்லை. 'மகப்பேறு' என்னும் நம் சொல்லிலேகூட மகவு முன்னே நிற்கிறது, தாயைக் காணோம். பேற்றின் பயனைப் பேசுமளவுக்குப் பேற்றின் இடரைப் பேசும் வழக்கம் நமக்கு இல்லை. அந்த இடரைப் பற்றியும், செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் அது யார் யாருக்கு எவ்வளவு என்பது பற்றியும் இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன்.

இன்று அக்கடமையை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை நன்றாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லத் தயங்க வேண்டுவதில்லை. 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வில், நாடு முழுவதும் 100 பேறுகளில் 39 மட்டுமே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தபோது தமிழ்நாட்டில் 88 அவ்வாறு நிகழ்ந்தன. 2019-21ஆம் ஆண்டுகளின் ஆய்வில் அது 99.6 விழுக்காடாயிற்று. ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது பேறுகாலத்தில் இறக்கும் தாய்மார் எத்தனை பேர் என்பது மற்றோர் அளவுகோல். 2001-03இல் இந்தியாவுக்கு அது 301, தமிழ்நாட்டுக்கு 134. 2018-20இல் இந்தியாவுக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54. அண்டை மாநிலமாகிய கேரளம் அதே காலத்தில் 19க்கு இறங்கிவிட்டது என்பதையும் உடன் நினைவிற் கொள்க. ஊர் ஊராக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர்களும், இரவும் பகலும் செவிலியர் தங்கிப் பணியாற்றும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008 முதல் ஓடுகின்ற 108 ஊர்தியும் இவ்வளவையும் செய்தன. அவர்களுக்கு நம் நன்றி உரியது.

ஆயினும் அந்த 99.6 என்னும் எண்ணின் முன் சற்று நிற்க வேண்டியுள்ளது. அது குழந்தை எங்கே பிறந்தது என்பதைச் சொல்கிறது. அத்தாய் எந்தத் திங்களில் முதன்முதலாகச் செவிலியரைக் கண்டாள், எத்தனை வாயில்களில் திருப்பி அனுப்பப்பட்டு இங்கு வந்து சேர்ந்தாள், அவள் உடம்பில் குருதி எவ்வளவு இருந்தது என்பவற்றைச் சொல்லவில்லை. அதே ஆய்வு தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுள் 48.3 விழுக்காட்டினர் குருதிச் சோகையுடையோர் எனவும் கூறுகிறது. கட்டடம் வரை பெண்ணைக் கொண்டுவந்துவிட்டோம். அவள் தட்டுக்குச் சோறு வந்து சேரவில்லை என்பது இதன் பொருள். மேலும், சூளையில் ஆறு திங்கள், சவுக்குத் தோப்பில் நான்கு திங்கள் என வாழும் குடும்பம் எந்தக் கதவெண்ணில் கணக்கெடுப்பாளர் கண்ணிற் படும்?

நம் செங்கற்பட்டு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பர் 29ஆம் நாள் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மருத்துவத்தில் வறிய மாவட்டம் என்று இதனை எவரும் சொல்லார். 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நகரிலேயே இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை ஊழியர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை, திருக்கழுக்குன்றத்தில் அரசு மருத்துவமனை. கோவளத்துத் தமீமுல் அன்சாரி தர்காவுக்குச் செல்லும் நம்மவர் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் எழுந்துள்ள விடுதிகளையும் மாளிகைகளையும் கண்டிருப்பர். அச்சாலையை விட்டு ஒரு கல் மேற்கே நடந்தால், ஏரிக்கரையில், புறம்போக்கில், பனையோலையும் தார்ப்பாயும் வேய்ந்த குடிசைகள் பத்து, பதினைந்து என்று திட்டுத் திட்டாக இருக்கும். அவை இருளர் குடிசைகள்.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியை எடுத்துக்கொண்டால் போதும். 2021 நவம்பர் 4ஆம் நாள் முதலமைச்சர் அவ்வூருக்குச் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தாம் விலக்கப்பட்டதாக ஒரு நரிக்குறவப் பெண் துணிந்து பேசியதன் பின்விளைவு அது. மறு ஆண்டு, 2022 ஜூலை இறுதியில், 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் திரண்ட உலகச் சதுரங்கப் போட்டி அதே பூஞ்சேரியில்தான் நடைபெற்றது. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. ஓர் ஊருக்கு உலகம் வந்து போகலாம். அங்குள்ள ஒரு பெண்ணின் பெயர் பதிவேட்டில் ஏறுவதற்கு விடுதலைக்குப் பின்னும் எழுபத்தைந்து ஆண்டுகள் பிடிக்கலாம்.

இருளர் யார் என்பது நம் மாணவர் பலருக்குத் தெளிவாகத் தெரியாது. பாம்பு பிடிப்போர் என்பர், அத்துடன் முடிந்துவிடும். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படித் தமிழ்நாட்டில் அவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். செங்கற்பட்டுப் பகுதியில் வில்லியர் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. மிகவும் நலிந்த பழங்குடிகள் என நடுவண் அரசு வகுத்துள்ள பட்டியலில் தமிழ்நாட்டின் ஆறு குடிகள் உள்ளன. இருளர் அவற்றுள் ஒன்று. பாம்புத் தோல் வாணிகம் 1970களில் தடை செய்யப்பட்டபோது அவர்தம் பிழைப்பு அற்றுப்போயிற்று. பின்னர் 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியால் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துத் தருவது அச்சங்கத்தின் தொழில். இந்நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யப் பயன்பட்ட நஞ்சின் பெரும்பகுதி அவர்கள் கைவழியே சென்றதாகும். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்கள் பத்மஸ்ரீ விருது பெற்றனர். நாட்டின் ஒரு பெருமருந்துக்கு மூலப்பொருள் தரும் குடி, தன் வீட்டுப் பெண்ணின் பேறுகாலத்துக்கு மருந்தின்றி நிற்கிறது.

சங்கத்தில் உரிமம் பெற்றோர் சில நூற்றுவரே. ஏனையோர் சவுக்கு வெட்டவும், வேலிக்காத்தான் வெட்டிக் கரி போடவும், செங்கல் அறுக்கவும், அரிசி ஆலையில் நெல் அவிக்கவும் செல்கின்றனர். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செல்வது வழக்கம். அம்முன்பணமே பின்னர் விலங்காகிவிடும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. ஆயின் 2019 ஜூலையில்கூடக் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் விறகு வெட்டும் இடங்களிலிருந்து இருளர் 42 பேரை அரசு அலுவலர்கள் மீட்டனர். தோப்பைவிட்டு வெளியேற முதலாளியின் உத்தரவு வேண்டும் என்ற நிலையில் உள்ள பெண், கருவுற்ற மூன்றாம் திங்களில் சுகாதார நிலையம் செல்வது எங்ஙனம்?

ததேயஸ், மெயின் என்ற ஆய்வாளர் இருவர் 1994இல் பேறுகால இறப்புக்கு மூன்று தாமதங்களைக் காரணமாகக் கூறினர். செல்ல வேண்டும் என்று முடிவெடுப்பதில் ஒன்று. சென்று சேர்வதில் ஒன்று. சேர்ந்தபின் உரிய மருத்துவம் பெறுவதில் ஒன்று. இரண்டாவது தாமதத்தைத் தமிழ்நாடு பெரிதும் வென்றுவிட்டது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு 30 கிலோமீட்டர் அளவே, சாலை நன்று, ஊர்தி வரும். முதலாம் தாமதத்தைப் பற்றிப் பேசும்போதுதான் நாம் அனைவரும் எளிதாக ஒரு சொல்லைக் கையாள்கிறோம்: அறியாமை. எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. முதலாம் தாமதம் பெரும்பாலும் மூன்றாம் தாமதத்தின் பிள்ளை. சென்ற இடத்தில் ஒருமுறை பட்டது அடுத்த முறை கால்களைக் கட்டிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவியருடன் திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு குடியிருப்பில் தங்கியிருந்தேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும் ஒரு பெண். மூன்றாம் பிள்ளை, ஏழாம் மாதம். எங்கும் பதிவு செய்துகொள்ளவில்லை. ஏன் அம்மா என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மொதப் புள்ளைக்குப் போனேன் டீச்சர். அட்டை எங்கன்னாங்க. ஆதார் எங்கன்னாங்க. எல்லாரும் பாக்கறாப்ல, குளிச்சிட்டு வரமாட்டியான்னு சத்தம் போட்டாங்க. ரெண்டாவத வூட்டுலயே எங்க ஆயா பாத்துடுச்சி." அது எந்த மருத்துவமனை என்பதை இங்கு எழுத வேண்டா, எந்த மருத்துவமனையாகவும் இருக்கலாம். மறுநாள் எங்கள் மாணவியர் நால்வர் அவருடன் ஆரம்ப சுகாதார நிலையம் வரை நடந்தனர். அங்கிருந்த செவிலியர் நல்லவர். 'வாம்மா, உட்காரு' என்றார். அவ்வளவுதான், அந்தப் பெண் கண் கலங்கிவிட்டார். குருதிச் சத்து ஏழு கிராம்தான் இருந்தது. அன்றே இரும்புச் சத்து ஏற்றத் தொடங்கினர். அந்த நாற்காலியை முதற்பேற்றின்போதே ஒருவர் காட்டியிருந்தால் இரண்டாம் பிள்ளை குடிசையில் பிறந்திராது.

இனி, தாளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கருவுற்ற பெண்ணைப் பதிந்து எண் வழங்கும் முறை 2008 முதல் தமிழ்நாட்டில் உண்டு. மிக நல்ல முறை. ஒவ்வொரு தாயையும் பேறு முடியும்வரை பின்தொடர அது உதவுகிறது. 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அவ்வெண் வேண்டியதாயிற்று. ஆதலின் பதிவில் விடுபட்ட தாயின் பிள்ளை, பிறந்த அன்றே தாளில்லாப் பிள்ளையாகிவிடும் இடர் தோன்றுகிறது. தாயிடம் சாதிச் சான்று இல்லை, பிள்ளையிடம் பிறப்புச் சான்று இல்லை, நாளை பள்ளியில் உதவித்தொகை இல்லை என்று இது தலைமுறைக்கும் தொடரும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கியது. 2006இல் 6,000 ஆகி, 2011இல் 12,000 ஆகி, 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. இந்தியாவில் வேறு எம்மாநிலமும் எளிதில் காட்டவியலாத திட்டம் இது. ஆனால் பத்தொன்பது வயது நிரம்பியிருத்தல் வேண்டும். முதலிரு பேறுகளாக இருத்தல் வேண்டும் என விதிகள் வகுத்தனர். இளவயது மணத்தைத் தடுப்பதும் குடும்பத்தைச் சிறிதாக வைப்பதும் நல்ல நோக்கங்களே. விளைவு என்ன? பதினேழு வயதில் மணம் முடித்து வைத்தவர் தந்தை. முன்பணம் கொடுத்துப் பள்ளியை நிறுத்தியவர் முதலாளி. உதவித்தொகையை இழப்பவள் அந்தச் சிறுமி. உடல் முதிராத தாய்க்கும் பல பேறு கண்ட தாய்க்குமே இடர் மிகுதி என்பதை மருத்துவ நூல்கள் கூறும். இடர் மிகுந்தவரை விலக்கிவிட்டு இடர் குறைந்தவருக்கு ஈவது என்ன கணக்கோ, நானறியேன்.

மற்றுமொரு கணக்கும் உண்டு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. இது நாடெங்கும் உள்ள அளவு. பழங்குடி என்றவுடன் நம் திட்டங்கள் மலையேறிவிடுகின்றன. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை என்று எண்ணிப் பழகிவிட்டோம். செங்கற்பட்டு இருளரோ சமவெளியில் வாழ்கின்றனர். அதுவும் ஓரூரில் பத்து வீடு, மற்றோரூரில் எட்டு வீடு எனச் சிதறி வாழ்கின்றனர். எனவே பழங்குடிக் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை. ஊர்க்கணக்கில் ஐயாயிரம் பேருள் ஐம்பது பேராய்க் கரைந்துபோகின்றனர். மலைவாழ் மக்களுக்குத் தொலைவு பகை. இவர்களுக்குத் தொலைவு ஒரு கல் மட்டுமே. ஆனால் அந்த ஒரு கல்லில் ஊரார் தெருக்கள் இருக்கின்றன.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோரிடம் ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். சென்னைத் திருவல்லிக்கேணியில், கடற்கரையையொட்டி, கஸ்தூரிபாய் காந்தி பெயரால் ஓர் அரசு மகளிர் மருத்துவமனை உள்ளது. பழைய சென்னைவாசிகள் இன்றும் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே கூறுவர். கோஷா என்னும் பாரசீகச் சொல்லுக்கு மூலை என்பது பொருள். ஒதுங்கியிருத்தல் என்று வழக்கில் ஆகி, முக்காடிட்டு அந்நிய ஆடவர் கண்ணில் படாதிருக்கும் முறையைக் குறித்தது. எழும்பூரில் 1844 முதல் மகப்பேற்று மருத்துவமனை இருந்தது. ஆயினும் கோஷாப் பெண்கள் அங்குச் செல்லவில்லை. ஆண் மருத்துவர் தொடுவதினும் சாவது மேல் என்றிருந்தனர். பலர் அவ்வாறே இறந்தும் போயினர். உயர்சாதி இந்துப் பெண்டிர் நிலையும் ஏறக்குறைய அதுவே.

மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது, சென்னை வழக்கறிஞர் ஒருவரின் மனைவி, இச்செய்திகளைக் கேட்டு மனம் பொறாதவரானார். எழும்பூரில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். அது போதாதென்று 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கு அக்கல்லூரியின் கதவைத் திறந்துவிட்டவர் தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்ஃபர். பின் இலண்டன் சென்று பட்டம் பெற்று 1883இல் திரும்பினார். 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் எனத் தனி மருத்துவமனை தோன்றியது. வேங்கடகிரி அரசர் பெருநிதி தந்தார். பெண்களே மருத்துவர். திரையிட்ட வண்டி நேரே உள்ளே வந்து நிற்கும். உணவு முறைக்குத் தனி ஏற்பாடு. என் தாயைப் பெற்றவரை நாங்கள் நன்னிமா என்றழைப்போம். அவர் தம் மக்கள் ஐவருள் மூவரை அங்கேதான் பெற்றார். "ஆஸ்பத்திரின்னு பேருதான், நம்ம வூடு மாதிரி இருக்கும்" என்பார்.

அன்று கோஷாப் பெண் ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள், அவளை அறிவிலி என்று ஏசியதோடு நின்றுவிடவில்லை. அவள் வருவதற்கேற்ற மருத்துவமனையைக் கட்டினர். நாம் அதனை நமக்குரிய மதிப்பாகவே ஏற்றுக்கொண்டோம். நம் வீட்டுப் பெண்ணின் கூச்சத்துக்குக் கண்ணியம் என்று பெயர். இருளர் வீட்டுப் பெண்ணின் கூச்சத்துக்கு அறியாமை என்று பெயர். இதை எந்த அகராதியில் கண்டோம்? பின்னால் வேங்கடகிரி அரசர் நிற்கும் கூச்சத்துக்கு ஒரு மாளிகை எழும்பும். புறம்போக்குக் குடிசையின் கூச்சத்துக்கு வசை கிடைக்கும். அந்த மருத்துவமனையின் பழைய பெயரிலேயே அது எவரெவர்க்கு உரியது என்று எழுதப்பட்டிருந்தது. எழுதப்படாமல் விடப்பட்ட பெண்களைப் பற்றியே இப்போது நான் பேசுகிறேன்.

தமிழக முஸ்லிம்களுள் பெரும்பாலோர் நகரவாசிகள் என்பதும் இங்குக் கருதத்தக்கது. நகரில் வாழ்வதாலேயே நமக்குக் கிடைத்த மருத்துவ வாய்ப்பு நம் முயற்சியால் மட்டும் கிடைத்ததன்று. நகரத்தவருக்கு இப்போது எதிர்முனைத் தொல்லை. 2019-21 ஆய்வின்படித் தமிழ்நாட்டுப் பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவை வழியானவை. தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. வசதியுடையவளுக்குத் தேவையின்றியும் கத்தி. வசதியற்றவளுக்குத் தேவையிருந்தும் காலம் கடந்த கத்தி. 2018இல் திருப்பூரில் படித்த குடும்பமொன்று காணொளி பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்க முயன்று தாய் இறந்ததும் நினைவிருக்கலாம். அதைச் சிலர் இயற்கைக்குத் திரும்புதல் என்றனர். வேறு வழியின்றி வீட்டில் பெறுகிற பெண்ணிடம் சென்று அவர்கள் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

செல்வ நாடுகளும் இதில் விலக்கல்ல. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு ஒரு லட்சம் பேறுகளுக்கு வெள்ளையர் தாய்மார் 26.6 பேர் இறந்தபோது கறுப்பினத் தாய்மார் 69.9 பேர் இறந்தனர். பிரிட்டனிலும் கறுப்பினத்தவர்க்கும் ஆசியர்க்கும் இடர் மிகுதி என ஆண்டறிக்கைகள் கூறி வந்துள்ளன. அங்கெல்லாம் மருத்துவமனைக்குக் குறைவா? வலிக்கிறது என்று கறுப்பினப் பெண் சொல்லும்போது அதை நம்புவோர் குறைவு என்பதே அந்நாட்டுத் தாய்மார் கூறும் குறை. நமக்கு நெருங்கியது இலங்கைச் செய்தி. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழியாகப் பொதுச் சுகாதார மருத்துவச்சிகளை ஊர்தோறும் அனுப்பி, ஆசியாவே வியக்குமளவுக்குத் தாய்மாரைக் காத்த நாடு அது. ஆனால் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்ப் பெண்களின் மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1948இல் குடியுரிமையையே இழந்த மக்கள் அவர்கள். நாடு ஏறிய படிகளில் அவர்கள் பிந்தியே ஏறினர். பிந்தி வந்த மருத்துவச்சிக்கும் பல தோட்டங்களில் தாயின் மொழி தெரியவில்லை. கண்டி மலைச்சரிவில் நிகழ்ந்ததற்கு வருந்தும் நாம், திருக்கழுக்குன்றச் சரிவில் நிகழ்வதையும் காண வேண்டும்.

இருளர்க்கெனத் தனி மருத்துவமனை கட்டுக என்று நான் கேட்கவில்லை. அது புதியதொரு மூலையாகவே முடியும். கோஷா ஆஸ்பத்திரியின் உட்பொருள் கட்டடத்தில் இல்லை. வாயிலில் நிற்பவர் யார் என்பதில் இருந்தது. இருளர் பெண்கள் சிலரேனும் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் செங்கற்பட்டு மருத்துவமனைகளில் நின்றால் பாதி வேலை முடிந்துவிடும். செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் 1986 முதல் சங்கம் அமைத்து மூலிகை வளர்த்து வருகின்றனர். மூலிகையும் பேறும் அறிந்த முதிய பெண்கள் அக்குடியில் இன்றும் உள்ளனர். அவர்களைப் பேறு பார்ப்போராக அன்று, பேற்றறையில் துணை நிற்போராக ஏற்றால், 'எங்க ஆயா' இருக்கிற இடமாக மருத்துவமனை ஆகும். வயது, பேற்று எண்ணிக்கை என்ற இரண்டு விதிகளையும் நலிந்த பழங்குடிகளுக்கேனும் தளர்த்த வேண்டும். 2023 நவம்பரில் நடுவண் அரசு நலிந்த பழங்குடிகளுக்கெனத் தொடங்கிய திட்டத்தில் நடமாடும் மருத்துவ ஊர்திகளுக்கு இடமுண்டு. அவ்வூர்தி குடியிருப்போடு நில்லாமல் சூளைக்கும் தோப்புக்கும் செல்ல வேண்டும். அங்கேதான் ஆண்டின் பெரும்பகுதி அப்பெண்கள் இருக்கின்றனர்.

சூளையும் தோப்பும் அரிசி ஆலையும் உடையவர்கள் நம் சமுதாயத்திலும் இருக்கக்கூடும். இம்மலரை வாசிப்போரிலும் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் ஒரு கோரிக்கை. தம்மிடம் பணி செய்யும் பெண்களுள் கருவுற்றோர் யாவர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, திங்களுக்கு ஒருநாள், கூலியைப் பிடிக்காமல், அவர்களைச் சுகாதார நிலையம் அனுப்பி வைக்கட்டும். ஜமாஅத்துகள் பல ஊர்களில் மருத்துவ ஊர்தி வைத்து நடத்துகின்றன. நள்ளிரவில் அழைக்கும் குரல் எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தாலும் அவ்வூர்தி புறப்படும் என்பதை அந்தக் குடியிருப்புகளுக்குச் சென்று ஒருமுறை சொல்லிவிட்டு வருவது நன்று. நாம் சொல்லாமல் அவர்கள் அழைக்கமாட்டார்கள்.

நம் மாணவியருக்கும் ஒரு பணி இருக்கிறது. மாசி மகத்தை ஒட்டி இருளர் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரையில் வந்து கூடுகின்றன. சேலைகளைக் கட்டிக் கூடாரமாக்கி, மணலில் படிகள் அமைத்துக் கன்னியம்மனை வழிபட்டு, திருமணம் முடித்து, குழந்தைக்குப் பெயரிட்டுச் செல்வர். தோப்பு முதலாளிகூட அந்நாளில் அவர்களைத் தடுப்பது அரிது. ஆண்டு முழுவதும் கணக்கில் அகப்படாத மக்கள் தாமாகவே ஓரிடத்தில் கூடும் நாள் அது. சுகாதாரத் துறையினரைக் கேட்டுக்கொண்டு அங்கே ஒரு பந்தல் போடலாம். எடை பார்க்க ஒரு கருவி, குருதி அழுத்தம் பார்க்க ஒரு செவிலியர், விரல்நுனிக் குருதி சோதிக்க ஒருவர், எழுதிக்கொடுக்க நம் மாணவியர் நால்வர், உட்காரச் சில நாற்காலிகள். கருவுற்ற தாயின் பதிவேட்டை அம்மணலிலேயே திறந்துவிடலாம். முகவரி என்னும் கட்டத்தில் இப்போதைக்கு 'மாமல்லபுரம் கடற்கரை' என்று எழுதிக்கொள்ளலாம்.